இருபத்து நான்கு மறுப்புகள்

அன்புள்ள ஐயா,

யூதர்களின் துக்க வழக்கங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். இறந்தவருக்காகச் சொல்லும் கதீஷ் பிரார்த்தனையில் மரணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்குப் புரியவே இல்லை. இறந்தவரைப் பற்றிப் பேசாத பிரார்த்தனை எப்படி நினைவாகும்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அப்பாவின் வீட்டைப் பங்கு பிரித்தபோது எனக்கும் அண்ணனுக்கும் பேச்சு நின்றுபோனது. ஒன்பது வருஷம். போன மாசியில் அண்ணன் தவறிவிட்டார். சாவு வீட்டுக்குப் போனேன், ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது தினமும் அவர் நினைவு வருகிறது. ஆனால் அழுகை வருவதில்லை, மனதுக்குள் அவரோடு சண்டைதான் போட்டுக்கொண்டிருக்கிறேன். இனி அவரோடு சேர வழி உண்டா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கதீஷ். அது அரமேயிக் மொழியில் உள்ள பழைய துதி. கடவுளின் பெயர் உயரட்டும், புனிதமாகட்டும் என்று தொடங்கி முழுக்க அப்படியே போகும். இறந்தவர் பெயர் அதில் வராது. ஆனால் அதைத் தனியாக வீட்டில் இருந்து சொல்ல முடியாது. பத்துப் பேர் கூட வேண்டும். அந்தப் பத்துப் பேருக்கு மின்யான் என்று பெயர். ஆர்த்தடாக்ஸ் என்ற வைதீக மரபில் பத்து ஆண்கள், மற்றப் பிரிவுகள் பலவற்றில் பெண்களையும் சேர்த்து எண்ணுகிறார்கள். தாயையோ தகப்பனையோ இழந்தவர் 11 மாதம் இதைச் சொல்கிறார். அவர் எழுந்து நிற்கும்போதே, இவர் யாரையோ இழந்திருக்கிறார் என்று சுற்றியிருப்பவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அவர்கள் ஆமென் சொல்கிறார்கள். நினைவு என்பது அந்த எழுந்து நிற்பதில் இருக்கிறது என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூத ஜெபாலயத்துக்குப் போயிருக்கிறேன். இஸ்ரேல் உருவான பிறகு கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்துவிட்டார்கள். மிஞ்சிய சிலரால் பத்துப் பேரைச் சேர்க்க முடியாமல், வெளியூரிலிருந்து வரும் யூதர்களை எதிர்பார்க்கும் நிலை வந்தது. அந்த நீல ஓடுகள் பதித்த தரையில் நின்றபோது, துக்கப்படுவதற்குக்கூட ஆள் வேண்டியிருக்கிறதே என்று நினைத்து மனம் கனத்துப்போனது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். யூதர்கள் மனம் திருந்துவதைத் தெஷுவா என்கிறார்கள். திரும்பி வருதல் என்று பொருள். கடவுளுக்கு எதிரான பிழையை யோம் கிப்பூர் என்ற பாவமன்னிப்பு நாள் போக்கும். சக மனிதனுக்குச் செய்த பிழையை, அவனைப் போய்ச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளும் போக்காது என்கிறது மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு. அப்படியானால் அந்த மனிதன் இறந்துவிட்டால்? 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடீஸ் என்ற யூத அறிஞர் இதற்கு விடை எழுதி வைத்திருக்கிறார். பத்துப் பேரை அழைத்துக்கொண்டு அவன் கல்லறைக்குப் போ. இவருக்கு நான் இன்னது செய்தேன் என்று அவர்கள் முன்னால் சொல். அவனுக்குப் பணம் தரவேண்டியிருந்தால் அவன் வாரிசுகளிடம் கொடு.

அங்கேயும் பத்துப் பேர்தான், பாருங்கள். உங்கள் கடிதத்தில் வீட்டுப் பங்கு என்று இருப்பதால் அந்தக் கடைசி வரியையும் சேர்த்தே எழுதினேன். யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாதது அந்த ‘சண்டை’ என்ற சொல். அதை ஒரு குற்றம்போல எழுதியிருக்கிறீர்கள். யூத அறிஞர்களின் வாதங்களைத் தொகுத்த தல்மூத் என்ற நூலில் உள்ள ஒரு கதையை உங்களுக்குச் சொல்லவேண்டும்.

3ஆம் நூற்றாண்டு, கலிலேயா நாடு. ரப்பி யோஹனான் பெரிய அறிஞர். ரேஷ் லாகிஷ், அதாவது லாகிஷின் மகன், கொள்ளைக்காரனாக இருந்தவர். யோர்தான் ஆற்றில் இருவரும் சந்திக்கிறார்கள். நீ வேதம் படிக்க வந்தால் என் தங்கையை உனக்குக் கட்டிவைக்கிறேன் என்கிறார் யோஹனான். ரேஷ் லாகிஷ் வருகிறார், படிக்கிறார், யோஹனானுக்கு இணையாக உட்கார்ந்து வாதாடும் அளவுக்கு வளர்கிறார். ஒருநாள் பாடசாலையில் வாள், கத்தி, ஈட்டி பற்றி ஒரு வாதம். இவை எந்த நிலையில் முழுமையான பொருளாகின்றன? உலையில் காய்ச்சும்போது என்கிறார் யோஹனான். தண்ணீரில் தோய்த்தெடுக்கும்போது என்கிறார் ரேஷ் லாகிஷ். யோஹனான் சட்டென்று, ‘கொள்ளைக்காரனுக்குத் தன் தொழில் தெரியும்’ என்று சொல்லிவிடுகிறார்.

இத்தனை வருஷம் கழித்து, எல்லார் முன்னாலும் அந்தப் பழசு. நீ எனக்கு என்ன நல்லது செய்துவிட்டாய் என்று ரேஷ் லாகிஷ் திருப்பிக் கேட்கிறார். யோஹனான் புண்பட்டுப்போகிறார். ரேஷ் லாகிஷ் நோயில் விழுகிறார். தங்கை வந்து அழுகிறாள், என் பிள்ளைகளுக்காகவாவது மனமிரங்கு என்று கெஞ்சுகிறாள். அண்ணன் இரங்கவில்லை. ரேஷ் லாகிஷ் இறந்துபோகிறார்.

அப்புறம்தான் யோஹனானுக்குத் துக்கம் வருகிறது. மற்ற அறிஞர்கள் பார்த்துவிட்டு, எலாசார் பென் பெதாத் என்ற கூர்மையானவரை அவரோடு படிக்க அனுப்புகிறார்கள். யோஹனான் எதைச் சொன்னாலும், உங்கள் கருத்துக்கு ஆதாரம் உண்டு என்கிறார் அவர். யோஹனானால் தாங்க முடியவில்லை. ‘நான் ஒன்று சொன்னால் லாகிஷின் மகன் இருபத்து நான்கு மறுப்பு சொல்வான், நான் இருபத்து நான்கு பதில் சொல்வேன். நான் சொல்வது சரி என்பது எனக்கே தெரியாதா?’ என்கிறார். ஆடையைக் கிழித்துக்கொண்டு, லாகிஷின் மகனே எங்கே இருக்கிறாய் என்று அழுது அழுது சித்தம் கலங்கி இறந்துபோகிறார்.

யோஹனான் தேடியது தன்னை மறுக்கும் குரலை. உங்களுக்குள் இப்போது அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதை அடக்காதீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தச் சண்டையில் அண்ணன் பேசுகிறாரா? அல்லது அவர் பேச்சையும் நீங்களே உங்களுக்குத் தோதாகப் பேசிக்கொள்கிறீர்களா? ஒன்பது வருஷத்தில் அப்படி ஆகிவிடுவது இயல்புதான்.

ஹில்லேல், ஷம்மாய் என்ற இரண்டு பழைய யூத அறிஞர்களின் பள்ளிகளுக்கு இடையே மூன்று வருஷம் நடந்த ஒரு வாதத்தைத் தல்மூத் சொல்கிறது. இரண்டுமே உயிருள்ள கடவுளின் சொற்கள்தான், ஆனால் நடைமுறை ஹில்லேல் பள்ளியின்படி இருக்கட்டும் என்று வானத்திலிருந்து குரல் வந்ததாம். காரணமும் அங்கேயே இருக்கிறது. அவர்கள் சாந்தமானவர்கள். எதிர்த்தரப்பின் கருத்தையும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், அதையும் தங்கள் கருத்துக்கு முன்னால் சொன்னார்கள்.

அண்ணனுக்குப் பிள்ளைகள் இருந்தால், என்றாவது அவர்கள் உங்களிடம் அந்த வீட்டுக் கதையைக் கேட்பார்கள். அப்போது முதலில் அண்ணன் பக்கத்தைச் சொல்லுங்கள். அவர் இருந்திருந்தால் எப்படிச் சொல்லியிருப்பாரோ அப்படி. அதற்கு நீங்கள் பதில் சொல்வது அப்புறம் இருக்கட்டும்.

அண்ணி பேசவில்லை என்று வருந்தாதீர்கள். யூதர்கள் ஷிவா என்ற ஏழு நாள் துக்கத்தில் இருக்கும் வீட்டுக்குப் போனால், துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக்கூடாது. சும்மா கூட உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்கள் அன்று அதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

இறந்த நாளை அவர்களும் சந்திரனை ஒட்டிய நாள்காட்டிப்படிதான் ஆண்டுதோறும் அனுசரிக்கிறார்கள், நம் திதியைப் போல. முந்தைய மாலை ஏற்றும் விளக்கு மறுநாள் மாலைவரை எரியும். அண்ணனின் முதல் திதி மாசியில் வருகிறது. அதற்குச் சொந்தக்காரர்கள் எப்படியும் பத்துப் பேருக்கு மேல் வந்திருப்பார்கள். அழைப்பு வராவிட்டாலும் போங்கள்.