தபால்காரர் பதில்கள்: அப்பத்தா கையில் ஆயிரத்து இருநூறு

(கிராமத் தபால்காரராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முதியோர் உதவித்தொகை பற்றியவை.)

அம்மாவுக்கு 68 வயது. விருதுநகர் மாவட்டத்துக் கிராமத்தில் தனியாக இருக்கிறார். அப்பா இல்லை, நிலபுலனும் கிடையாது. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். முடிந்த மாதம் ஐநூறோ ஆயிரமோ அனுப்புவேன். 1,200 ரூபாய் முதியோர் பணத்துக்காக அம்மா மாதாமாதம் காத்துக் கிடப்பதைப் பார்த்து, 'மகன் இருந்தும் இந்தக் கதியா' என்று ஊரில் பேசுகிறார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?
– வாசகர், திருப்பூர்

எழுதிக் கொடுக்காதீர்கள் தம்பி. பேசுகிற ஊர்க்காரர் யாரும் உங்கள் அம்மாவின் கடைப் பாக்கியைக் கட்டப் போவதில்லை.

இந்தப் பணம் மணியார்டரில் வந்துகொண்டிருந்த காலத்தில் என் லைனில் ஓர் அப்பத்தா இருந்தார். அப்போது தொகை ஆயிரம்கூடக் கிடையாது. மகன் வீட்டுத் திண்ணைதான் அவருக்கு இருப்பிடம். சாப்பாட்டுக்குக் குறை சொல்ல முடியாது, மருமகள் போடுவார். ஆனால் வெற்றிலை வாங்கக் காசு வேண்டுமென்றால் பேரனிடம் சொல்லிவிட வேண்டும், பேரன் அவன் அப்பனிடம் கேட்க வேண்டும், அப்பன் நல்ல மூடில் இருக்க வேண்டும்.

முதல் மணியார்டரை நான்தான் கொண்டுபோனேன். பாரத்தில் கைநாட்டு வைத்ததும் கட்டைவிரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார். நான் எண்ணிக் கொடுத்த நோட்டுகளை வாங்கி, மடியில் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். 'இது கடைக்கு, இது தைலத்துக்கு, இது யாருக்கும் இல்லை.' அந்தக் கடைசி நோட்டுதான் சுருக்குப் பைக்குள் போனது.

அடுத்த சில மாதங்களில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அதுவரை ஐந்து ரூபாய்க்கு டீத்தூள் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட கடைக்காரர், அவர் பெயரில் தனியாக நோட்டுப் போட்டுக் கடன் கொடுக்க ஆரம்பித்தார். தொகை பெரிதில்லைதான். ஆனால் மாதம் பிறந்தால் வந்துவிடும் என்று கடைக்காரருக்கும் தெரியும். கூலி வேலைக்குப் போகிற மகனின் வருமானத்தில்கூட அந்த நிச்சயம் கிடையாது. இரண்டு கோழிக்குஞ்சு வாங்கிவிட்டார். பேத்தி காதுகுத்துக்கு மொய் எழுதியபோது, மகன் பெயருக்குக் கீழே தனி வரியில் தன் பெயரைச் சொல்லி 101 ரூபாய் எழுத வைத்தார். மருமகள் அன்றைக்கு அவரை 'அத்தை, வாங்க, உட்காருங்க' என்று முன்வரிசைக்குக் கூப்பிட்டதை நானே பார்த்தேன். காசுக்காகத்தான் மரியாதை என்று நீங்கள் சலித்துக்கொள்ளலாம். அப்பத்தா சலித்துக்கொள்ளவில்லை.

நீங்கள் அனுப்புகிற ஆயிரம் மகன் தருவது. அதில் வெற்றிலை வாங்கினால் 'பிள்ளை கஷ்டப்பட்ட காசு' என்று அம்மாவுக்கு உறுத்தும். 1,200-க்கு அந்த உறுத்தல் இல்லை.

ஒன்று மட்டும். திட்டம் ஆதரவு இல்லாதவர்களுக்கானது. வி.ஏ.ஓ. விசாரணைக்கு வந்தால் நீங்கள் எவ்வளவு, எப்போது அனுப்புகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். தகுதி உண்டா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டியது தாசில்தார் அலுவலகம், ஊர்த் திண்ணை இல்லை.

இந்த உதவித்தொகை எப்போது தொடங்கியது? ஆரம்பத்தில் எவ்வளவு?
– கல்லூரி மாணவி, மதுரை

காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1962 ஏப்ரலில். மாதம் 20 ரூபாய். மத்திய அரசு 1995-ல்தான் இதற்குள் வந்தது, 75 ரூபாயோடு. இப்போதும் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய்தான். 80 ஆனால் 500. மீதி மாநிலம் போடுவது. தமிழ்நாட்டில் 2011-ல் 1,000 ஆனது, அப்புறம் 12 வருடம் அசையவே இல்லை, 2023-ல்தான் 1,200. அந்த 12 வருடத்தில் துவரம் பருப்பும் நல்லெண்ணெயும் என்ன விலைக்குப் போயின என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள் அம்மா, அரசாங்கத்தைத் திட்ட உங்களுக்கு நல்ல காரணம் கிடைக்கும்.

என் தாயாருக்குக் கைரேகை மெஷினில் விழுவதே இல்லை. வங்கி சார்பில் ஊருக்குப் பணம் கொடுக்க வருபவர் 'அடுத்த வாரம் பார்ப்போம்' என்கிறார். விழுந்த மாதங்களில் 50 ரூபாய் பிடித்துக்கொள்கிறார்.
– வாசகி, முதுகுளத்தூர்

ஆயுசு முழுக்க நாற்று நட்டு, களை எடுத்து, பாத்திரம் தேய்த்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? மை தொட்டு வைத்த காலத்தில் ரேகை தெளிவாக இல்லையென்றாலும் சாட்சிக் கையெழுத்தோடு பணம் கைக்கு வந்தது. மெஷினுக்கு அந்தத் தாட்சண்யம் இல்லை.

கட்டைவிரலையே அழுத்திக்கொண்டிருக்காமல் பத்து விரலையும் வைத்துப் பாருங்கள். மோதிர விரல் பலருக்குத் தேயாமல் இருக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள், வெற்றிலைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் அதுவே தடை. ஆதார் மையத்துக்கு ஒருமுறை கூட்டிப்போய் ரேகையையும் கருவிழியையும் புதிதாகப் பதிந்துவிடுங்கள். எதுவும் சரிவரவில்லையென்றால் பாஸ்புக்கோடு நேராக வங்கிக்குப் போங்கள். கணக்கு அம்மாவுடையது, கவுண்டரில் பணம் எடுக்க அவருக்கு உரிமை உண்டு. நடமாட முடியாத நிலையென்றால் 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது. மேனேஜரிடம் எழுத்தில் கேளுங்கள்.

அந்த 50 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அவருக்குக் கமிஷன் கொடுப்பது வங்கி. மெஷினில் வருகிற சீட்டு இல்லாமல் பணம் வாங்கமாட்டோம் என்று நாலு பேர் முன்னால் சொல்லுங்கள்; சீட்டில் இருக்கிற தொகையும் கையில் இருக்கிற தொகையும் ஒன்றாக இருக்கிறதா என்று எழுதப் படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை பார்க்கட்டும்.

ஏழைகளுக்குப் பணமாகக் கொடுத்தால் டாஸ்மாக்குக்குத்தான் போகும். பொருளாகக் கொடுப்பதே சரி என்பது என் கருத்து.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ஐயா, ரேஷன் அரிசி வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். விலைவாசி ஏறினாலும் அரிசி அளவு குறையாது. ஆனால் அரிசியைக் கொடுத்து ஆட்டோவுக்குப் போக முடியாது, அறுந்த செருப்பைத் தைக்க முடியாது.

குடிக்குப் போகும் என்ற சந்தேகம் உலகம் முழுக்க உண்டு. கென்யாவில் கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு ஏழைக் குடும்பங்களுக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் செல்போன் வழியாகப் பணம் அனுப்பியது. ஆராய்ச்சியாளர்கள் பின்னால் போய்க் கணக்கெடுத்தார்கள். சாராயத்துக்கும் புகையிலைக்கும் செலவு கூடவில்லை. கூரையை எடுத்துவிட்டுத் தகரம் போட்டிருந்தார்கள், ஆடு மாடு வாங்கியிருந்தார்கள். இங்கே பணத்தைக் குடித்துத் தீர்த்த தாத்தாக்களை எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். உங்களோடும் என்னோடும் பென்ஷன் வாங்குகிறவர்களிலும் அப்படிச் சிலர் இருக்கிறார்கள். அதற்காக நமக்குப் பென்ஷனைப் பருப்பாகக் கொடு என்று யாரும் எழுதுவதில்லை.

மாமியார் முதியோர் பணம் வாங்குவதால் எனக்கு மகளிர் உரிமைத் தொகை கிடைக்காது என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, அரியலூர்

இல்லை. மாமியாருக்குத்தான் இரண்டும் சேர்த்துக் கிடைக்காது. அதே குடும்பத்தில் உள்ள தகுதியுள்ள மற்றப் பெண்கள் விண்ணப்பிக்கலாம் என்று 2023-ல் திட்டம் தொடங்கும்போதே தளர்த்திவிட்டார்கள். இதை வைத்து மாமியாரோடு சண்டை போட்டிருந்தால் போய்ச் சமாதானம் ஆகிவிடுங்கள்.

பாட்டி இரண்டு மாதம் முன்பு தவறிவிட்டார். கணக்கில் பணம் இன்னும் ஏறுகிறது. ஏ.டி.எம். கார்டு எங்களிடம்தான் இருக்கிறது.
– பெயர் வேண்டாம், தேனி

கார்டைத் தொடாதீர்கள். இறப்புச் சான்றிதழோடு வி.ஏ.ஓ.விடமும் வங்கியிலும் சொல்லுங்கள். பாட்டி இறந்த பிறகு ஏறிய மாதங்கள் அரசாங்கத்துக்குத் திரும்பிப் போக வேண்டியவை. அதற்கு முன் அவர் சேர்த்து வைத்தது நாமினிக்கோ வாரிசுக்கோ உரியது. அதை வங்கியில் பாரம் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.