ரிமூவ் கொடுத்தும் போகாத குக்கீ

கேள்வி: குக்கீகளை (இணையதளம் பிரவுசரில் சேமித்து வைக்கும் சிறு தகவல்கள்) கையாள ‘ஜேஎஸ்-குக்கீ’ என்ற சின்ன ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியைப் பயன்படுத்துகிறேன். ‘ரிமூவ்’ கொடுத்த பிறகும் ஒரு குக்கீ அப்படியே இருக்கிறது. எரர் எதுவும் வரவில்லை. ஏன்?

பதில்: இதே சிக்கலில் நானும் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். ‘/அட்மின்’ என்ற பாத்தில் (தளத்துக்குள் குக்கீ செல்லுபடியாகும் முகவரிப் பகுதி) ‘தீம்’ குக்கீயை வைத்துவிட்டு, அழிக்கும்போது பெயரை மட்டும் கொடுத்தேன். அது அசையவே இல்லை.

பிரவுசருக்குப் பெயர் மட்டும் போதாது. பெயர், டொமைன் (தளத்தின் பெயர்), பாத் மூன்றும் சேர்ந்துதான் ஒரு குக்கீயின் அடையாளம். அழிப்பது என்பதும் உண்மையில் அழிப்பதல்ல. அதே குக்கீயை, கடந்துபோன தேதி போட்டு மறுபடி எழுதுவதுதான். பாத் சொல்லாவிட்டால் லைப்ரரி ‘/’ என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் குக்கீ வேறு பாத்தில் இருந்தால் அதன்மேல் கை படாது, எரரும் வராது. எனவே குக்கீயை எழுதும் ‘செட்’டில் கொடுத்த பாத், டொமைன் இரண்டையும் ‘ரிமூவ்’விலும் அப்படியே கொடுங்கள். நான் இப்போதெல்லாம் இவற்றை ஒரே மாறிலியில் வைத்து இரண்டு இடத்திலும் அதையே தருகிறேன்.

அப்புறம், பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் ‘எச்டிடிபி-ஒன்லி’ என்ற கட்டத்தையும் பாருங்கள். அங்கே டிக் இருந்தால் ஜாவாஸ்கிரிப்டால் அதைப் படிக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. சர்வர்தான் நீக்க வேண்டும். லாகின் டோக்கனுக்கு (நீங்கள் லாகின் செய்திருப்பதைக் காட்டும் குறிக்கு) அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

இன்னொன்று: குக்கீ எப்போது காலாவதியாகும் என்று சொல்லும் ‘எக்ஸ்பயர்ஸ்’ என்பதில் கொடுக்கும் எண் நாள் கணக்கு. அரை மணி நேரம் வேண்டுமென்றால் 30 அல்ல, 1/48.