ஆச்சியின் பேச்சும் வெப்பக் கணக்கும் ஒன்றல்ல

கேள்வி: அன்புள்ள அம்மா, காரைக்குடியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். செட்டிநாட்டு வீடுகள் கோடையிலும் குளிர்ச்சியாக இருப்பது எப்படி என்பது தலைப்பு. கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் சில வீடுகளில் கருவி வைத்து வெப்பமும் ஈரப்பதமும் பதிந்தேன். அந்த வீட்டு ஆச்சிகளிடமும், ஆத்தங்குடியில் வண்ணத் தரைக்கல் போடுகிறவர்களிடமும் பேசி ஒலிப்பதிவு செய்தேன். நிறையப் படங்கள் எடுத்தேன். ஒரு குடும்பத்தார் வீடு கட்டிய செலவு எழுதிய பழைய பேரேட்டையும் படமெடுக்க விட்டார்கள். இப்போது என் கட்டுரையை ஏற்றுக்கொண்ட ஆய்விதழ், தரவு முழுவதையும் பொதுவெளியில் வைக்கச் சொல்கிறது. நெறியாளரோ, "கேட்டால் தருவோம் என்று எழுதிவிடு. நம் உழைப்பை வைத்து வேறொருவர் நாலு கட்டுரை எழுதுவார்" என்கிறார். இதற்கிடையில் ஓர் ஆச்சி, "நான் சொன்னதை எல்லாம் யார் யார் கேட்பார்கள்?" என்று கேட்டார். மழுப்பிவிட்டு வந்தேன். நான் யார் பேச்சைக் கேட்பது?
— பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: மூன்று பேரையும் கேளுங்கள். ஆனால் முதலில் ஆச்சியை.

'தரவு' என்று ஒரே பெயர் சொல்லி நான்கு வேறு சரக்குகளை வைத்திருக்கிறீர்கள். வெப்பக் கணக்கு, பேச்சு, படம், பேரேடு. ஆய்விதழ் நான்கையும் ஒன்றாக நினைத்துக் கேட்கிறது, நெறியாளர் நான்கையும் ஒன்றாக நினைத்து மறுக்கிறார். ஒவ்வொரு துறைக்கும் இதில் ஒரு பழக்கம் உண்டு. புரதங்களின் வடிவத்தைப் பதிந்துவைக்கும் பொதுவங்கி 1971லேயே தொடங்கிவிட்டது. மனித மரபணுவைப் படித்தவர்கள் 1996இல் பெர்முடாவில் கூடி, கண்டறிந்த வரிசையை 24 மணி நேரத்துக்குள் வெளியிடுவது என்று முடிவெடுத்தார்கள். அதே காலத்தில் ஊர் ஊராகப் போய் மனிதர்களிடம் பேசிய மானிடவியலாளர்கள் குறிப்பேட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். இரு தரப்பும் செய்தது சரிதான். புரதத்துக்கு அக்கம்பக்கத்தார் கிடையாது.

வெப்பக் கணக்கைத் தயங்காமல் வெளியிடுங்கள். ஐரோப்பாவின் செர்ன் அணு ஆய்வு மையம் 2013இல் தொடங்கிய ஸெனோடோ என்ற இணையத் தரவுக் களஞ்சியம் இருக்கிறது. காசு கிடையாது. பதிவேற்றினால் நிலையான அடையாள எண் கிடைக்கும், உங்கள் பெயரும் தேதியும் அதில் நிற்கும். எடுத்தாள்பவர் பெயர் குறிப்பிட வேண்டும் என்ற உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஆனால் வெறும் எண்களைக் கொட்டினால் யாருக்கும் பயனில்லை. கருவியை முகப்பில் வைத்தீர்களா, வளவு என்கிற நடு முற்றத்தில் வைத்தீர்களா? தரையிலிருந்து எத்தனை அடி உயரம்? வளவின் வானவெளி திறந்திருந்ததா, பிற்பாடு தகடு போட்டு மூடியிருந்தார்களா? வீட்டில் ஆள் இருந்தார்களா, பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீடா? பூட்டிக் கிடக்கும் வீட்டின் வெப்பமும், காலையில் சன்னலைத் திறந்து பத்து மணிக்கு அடைக்கும் ஆச்சி வாழும் வீட்டின் வெப்பமும் ஒன்றாகுமா? இதையெல்லாம் தனிக் கோப்பில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சேருங்கள். கட்டுரை எழுதியதைவிட இது அலுப்பான வேலை. எப்படியும் செய்துதான் ஆகவேண்டும்.

கோப்பைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். எக்செல்லில் கதவு எண் 5/2 என்று அடித்துப் பாருங்கள், அது தேதியாக மாறி உட்கார்ந்திருக்கும். இந்தத் தொல்லையால் மரபணுப் பெயர்கள் தேதிகளாக மாறிப்போய், பொறுக்க முடியாமல் 2020இல் சில மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். மென்பொருளைத் திருத்துவதைவிட மரபணுவுக்குப் பெயர் மாற்றுவது எளிதாக இருந்திருக்கிறது! தமிழ்க் குறிப்புகளை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் இப்போதே யூனிகோடுக்கு மாற்றுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறப்பவருக்கு அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

பேச்சு அப்படியல்ல. பெயரை நீக்கிவிட்டால் ஆள் தெரியாது என்று எண்ணாதீர்கள். அஞ்சல் எண், பிறந்த தேதி, பாலினம் மூன்றை வைத்தே அமெரிக்கர்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்துக் காட்டிவிடலாம் என்று லதான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் 2000இல் கணக்கிட்டார். நம் ஊரில் அத்தனைகூட வேண்டாம். செட்டிநாட்டு வீடுகளைக் கட்டிய நகரத்தார் இருவர் சந்தித்தால் முதல் கேள்வி எந்த ஊர், அடுத்தது எந்தக் கோவில். அவர்களுடைய குலப்பிரிவுகளுக்கான ஒன்பது கோவில்களில் எது, எந்த ஊர், மகன் எந்த நாட்டில் இருக்கிறான் என்ற மூன்றையும் வைத்து, "அட, நம்ம பெரிய வீட்டு ஆச்சி அல்லவா!" என்று சொல்ல தேவகோட்டையில் எந்தத் திண்ணையிலும் ஆள் உண்டு. ஆகவே ஊரை 'காரைக்குடி வட்டாரம்' என்று பொதுவாக்குங்கள், கோவிலை எடுத்துவிடுங்கள், வயதைப் பத்துப் பத்தாக்குங்கள். ஒலிப்பதிவை வெளியிடவே வேண்டாம். குரலே அடையாளம்.

இவ்வளவும் ஆச்சியின் சம்மதத்துக்குப் பிறகுதான். நீங்கள் வாங்கிய ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது? 'ஆய்வுக்காக மட்டும்' என்று இருந்தால், இணையத்தில் வைப்பதற்கு அது போதாது. திரும்பிப் போங்கள். எழுத்தில் பெயர்த்த பேச்சைத் தமிழில் அவருக்கே படித்துக் காட்டுங்கள். "இது உலகத்தில் யாரும் படிக்கும்படி இருக்கலாமா, ஆராய்ச்சி செய்கிறவர்கள் கேட்டால் மட்டும் காட்டலாமா, யாருக்கும் வேண்டாமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். மருமகளைப் பற்றிச் சொன்ன ஒரு வரியை எடுக்கச் சொல்வார். எடுத்துவிடுங்கள், வீட்டின் குளிர்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. யாருக்கும் வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது. கல் போடுகிறவர்களிடம் கூடுதல் கவனம் தேவை. கூலியைப் பற்றி, முதலாளியைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். வண்ணக் கலவையின் அளவு அவர்கள் தொழில் ரகசியம். அதை அடுத்தவர் பட்டறைக்குத் தூக்கிக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

படங்கள்தான் எனக்கு அதிகக் கவலை. கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒளிந்திருக்கக்கூடும். ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடு, உள்ளே பர்மாத் தேக்குத் தூண், ராஜா ரவிவர்மா அச்சுப் படம், பெல்ஜியம் கண்ணாடி, கூடவே இருப்பிடக் குறிப்பு. திருடனுக்கு இதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது. காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் தெருவில் ஒருமுறை நடந்தால் எந்தப் பொருளுக்கு என்ன விலை என்பது உங்களுக்கே விளங்கும். தொல்லியலாளர்களும் அரிய செடிகளைத் தேடுகிறவர்களும் சரியான இடத்தை வெளியிடாமல் மங்கலாக்குவது வழக்கம்தான். நீங்களும் இருப்பிடத்தை அழித்துவிட்டு, கூரை, சுவர், சன்னல் தெரியும் படங்களை மட்டும் கொடுங்கள். இன்னொன்று: அந்த வீடுகள் பலவற்றுக்குப் பங்காளிகள் பலர். ஒருவர் கதவைத் திறந்துவிட்டார் என்பதால் எல்லோரும் சம்மதித்ததாக ஆகாது.

பேரேடு குடும்பத்தின் சொத்து. படமெடுக்க அனுமதி வேறு, வெளியிட அனுமதி வேறு. கடன் வாங்கியவர் பெயர் உள்ள பக்கங்கள் இருந்தால் அவற்றை ஒதுக்குங்கள். சுண்ணாம்புக்கும் தேக்குக்கும் என்ன செலவானது என்ற கணக்கை அட்டவணையாக்கிக் கொடுத்தாலே கட்டடக்கலைக்காரருக்கும் பொருளாதார வரலாறு எழுதுபவருக்கும் விருந்து. குடும்பத்தார் தயங்கினால் கோட்டையூரைச் சொல்லுங்கள். அந்த ஊர் ரோஜா முத்தையா செட்டியார் வீட்டில் சேர்த்த நூல்களும் இதழ்களும் 1992இல் அவர் மறைந்த பின் கரையானுக்குப் போகாமல், சிகாகோ பல்கலைக்கழகத்தின் கை சேர்ந்து, சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. தமிழ் ஆய்வு செய்கிற எத்தனை பேர் அங்கே வந்து போகிறார்கள்!

இனி நெறியாளர். பிறர் முந்திக்கொள்வார்கள் என்ற அவருடைய அச்சம் பொய்யல்ல. அதற்குத்தான் தடைக்காலம் என்ற ஏற்பாடு இருக்கிறது. இப்போதே பதிவேற்றி, உங்கள் அடுத்த கட்டுரை வரும்வரை கோப்பைத் திறக்காமல் வைக்கலாம். ஆய்விதழ் எத்தனை மாதம் அனுமதிக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'கேட்டால் தருவோம்' என்பதை மட்டும் நம்பாதீர்கள். உயிரியல் கட்டுரைகள் 516இன் தரவைத் தேடிப் போன ஓர் ஆய்வு 2014இல் வந்தது. கட்டுரைக்கு ஒரு வயது கூடும்போதெல்லாம் தரவு கைக்குக் கிடைக்கும் சாத்தியம் 17 விழுக்காடு சரிந்தது. மின்னஞ்சல் முகவரி செத்திருக்கும், தரவு இருந்த தட்டைப் படிக்கக் கருவி இருக்காது.

அவர் வாய்விட்டுச் சொல்லாத அச்சம் ஒன்றும் இருக்கலாம். யாராவது தவறு கண்டுபிடித்துவிட்டால்? அரசுகளின் கடனையும் பொருளாதார வளர்ச்சியையும் பற்றி ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பெரும் பொருளாதார அறிஞர்கள் 2010இல் எழுதிய கட்டுரையை, தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அவர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்தார். சராசரியில் ஐந்து நாடுகள் விட்டுப்போயிருந்தது 2013இல் வெளியே வந்தது. அவமானம்தான். ஆனால் அந்தக் கணக்கைக் காட்டிப் பல நாடுகளில் செலவைச் சுருக்கச் சொல்லி வாதாடிக்கொண்டிருந்தார்கள். தவறு வெளியே வராமல் இருந்திருந்தால் நல்லதா என்று நெறியாளரிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். பட்டம் கைக்கு வந்த பிறகு கேட்டாலும் தப்பில்லை.

ஆய்விதழுக்கு எழுதும் கடிதத்தில் எதை எங்கே வைத்திருக்கிறீர்கள், எதை ஏன் வைக்கவில்லை என்று காரணத்தோடு சொல்லுங்கள். மனிதர்களைப் பற்றிய தரவுக்கு இப்படிக் காரணம் சொன்னால் பெரும்பாலான இதழ்கள் ஏற்கும். கட்டுப்பாட்டில் வைக்கும் பகுதிக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். நாளை வேலை கிடைத்து நீங்கள் சிங்கப்பூர் போய்விட்டால், கேட்பவருக்குப் பதில் சொல்ல இங்கே ஒருவர் வேண்டும். துறையின் முகவரியையோ பல்கலைக்கழக நூலகத்தின் முகவரியையோ கொடுங்கள், அவர்களிடம் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு.