சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையுமா? கால் மரத்துப்போவதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

குறையலாம், தொடர்பும் உண்டு. என் அம்மாவின் கதையையே சொல்கிறேன்.

ஒருநாள் கோயிலுக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தார். இன்னொன்று வழியில் கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

அம்மாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. பாதம் எரிகிறது என்று சொன்னபோதெல்லாம் சர்க்கரைக்காரர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். நாக்கு சிவந்து வழவழவென்று ஆகி, ரசம்கூட எரிந்தது. அதைச் சூடு என்றோம். முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடி வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்வார். செருப்பு விஷயத்தைக் கேட்ட பிறகுதான் டாக்டர் பி12 பார்க்கச் சொன்னார். 200க்கு மேல் இருக்க வேண்டியது, 110தான் இருந்தது.

பி12ஐ எந்தச் செடியும் உண்டாக்குவதில்லை, பாக்டீரியாக்கள்தான் உண்டாக்குகின்றன. மீன், முட்டை, கறி, பால் வழியாக அது நமக்கு வந்து சேர்கிறது. அம்மா சுத்த சைவம். சர்க்கரை வந்ததும் பால் காபியையும் விட்டுவிட்டு நீர்மோரோடு நிறுத்திக்கொண்டார். போதாததற்கு, சர்க்கரைக்கு எடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் எடுத்தால் பி12 உடம்பில் சேர்வதும் குறைகிறது. ஈரலில் சில வருடங்களுக்கான சேமிப்பு இருக்கும். அது தீரும்வரை வெளியே ஒன்றும் தெரியாது.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னார்கள். நல்ல கீரைதான், ஆனால் அதில் பி12 கிடையாது. ஸ்பைருலினா என்ற பாசியில் இருப்பதும் பெரும்பாலும் நம் உடம்புக்கு உதவாத வடிவம். எனக்கு ஆறாத வருத்தம் வேறு. அதற்கு முந்தின வருடமே ரத்தசோகை என்று ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்திருந்தார்கள். பி12 குறைந்திருக்கும்போது அது ரத்தத்தைத் தேற்றிவிடும், நரம்பு கெடுவதைத் தடுக்காது. ஹீமோகுளோபின் ஏறியதைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

பி12 சேராமல் வரும் ஒருவகை ரத்தசோகை ஒரு காலத்தில் ஆளையே கொன்றது. 1926இல் பாஸ்டனில் மினாட், மர்ஃபி என்ற இரு மருத்துவர்கள் அந்த நோயாளிகளுக்குத் தினமும் ஈரல் கொடுத்துப் பிழைக்கவைத்தார்கள். 1934இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. அம்மாவுக்கு ஊசியே போதுமானதாக இருந்தது. முதலில் அடுத்தடுத்து, அப்புறம் மாதம் ஒன்று.

நீங்களும் சைவம், மெட்ஃபார்மினும் எடுக்கிறீர்கள் என்றால், கால் மரக்கும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் பி12 பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

அம்மாவுக்கு நாக்கு சில வாரங்களில் சரியாகிவிட்டது. தள்ளாட்டம் போக ஆறு மாதம் ஆனது. இடது பெருவிரல் மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது. பின்வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.