சும்மா நின்னாலும் செலவு வைக்குமா?

கேள்வி: பழைய பென்ட்லி கான்டினென்டல் ஜிடி கார் ஒண்ணு வாங்கியிருக்கேன், முதல் ஜெனரேஷன், 12 சிலிண்டர் இருக்கிற டபிள்யூ12 இன்ஜின். மாசத்துக்கு ரெண்டு தடவைதான் எடுப்பேன். ஓட்டாம நிறுத்தி வெச்சா தேய்மானம் கம்மிதானே?

பதில்: அதான் இல்லீங்க! இந்த மாதிரி வண்டிக்கு ஓட்டத்தை விட சும்மா நிக்கறதுதான் எமன். 2003ல வந்த மாடல் இது, டிக்கியில ரெண்டு பேட்டரி வேற, ஒண்ணு ஸ்டார்ட் பண்ண, இன்னொண்ணு மத்த எலக்ட்ரானிக்ஸுக்கு, பூட்டி வெச்சாலும் அந்த எலக்ட்ரானிக்ஸ் கொஞ்சம் கொஞ்சமா கரண்டை உறிஞ்சிட்டே இருக்கும். வோல்டேஜ் இறங்கிச்சுன்னா டேஷ்போர்டுல சம்பந்தமே இல்லாத வார்னிங் எல்லாம் வரும், பாதி பேர் அதைப் பாத்து பயந்து தேவையில்லாத பார்ட்ஸை மாத்திடுறாங்க. பேட்டரி மெயின்டெய்னர், அதாவது நிக்கிறப்போ பேட்டரி சார்ஜ் இறங்காம பாத்துக்கிற சின்ன சார்ஜர், ஒண்ணு வாங்கி மாட்டி விடுங்க.

டயர்ல பட்டன் நல்லா இருக்குன்னு ஏமாறாதீங்க, சைடுல இருக்கிற நாலு நம்பரைப் பாருங்க, முதல் ரெண்டு நம்பர் தயாரிச்ச வாரம், அடுத்த ரெண்டு நம்பர் தயாரிச்ச வருஷம்; ஓடாட்டியும் டயருக்கு வயசாகும்.

காலையில வண்டி ஒரு பக்கம் சாஞ்சு உக்காந்திருந்தா ஏர் சஸ்பென்ஷன் (வண்டியைத் தாங்குற காத்துப் பை) லீக்கான்னு பாக்கணும், தள்ளிப் போட்டா அதுக்குக் காத்தடிக்கிற கம்ப்ரசரும் சேர்ந்து போயிடும். எடுக்கிறப்போ தெருமுனை வரைக்கும் மட்டும் போயிட்டு வராதீங்க, ஆயில் நல்லா சூடாகணும், அரை மணி நேரமாவது ஓட்டுங்க. நீண்ட தூரத்துக்குன்னு செஞ்ச வண்டி சார் அது!