சார்ஜ் ஏறாத நோட் 7

கேள்வி: 2016-ல் சாம்சங் திரும்பப் பெற்ற கேலக்ஸி நோட் 7 போன்களைத் தூரத்தில் இருந்தே முடக்கியது எப்படி? முடக்கிய போனை வைத்திருக்கலாமா?

பதில்: மென்பொருள் அப்டேட் வழியாகத்தான். ஐரோப்பாவில் முதலில் 60 சதவீதத்துக்கு மேலும், பிறகு 30 சதவீதத்துக்கு மேலும் சார்ஜ் ஏறாதபடி கட்டுப்படுத்தினார்கள். அமெரிக்காவில் டிசம்பரில் வந்த அப்டேட் சார்ஜ் ஏறுவதையே நிறுத்தியது. நியூசிலாந்தில் நெட்வொர்க் இணைப்பையும் துண்டித்தார்கள். பண்டிகைக் காலத்தில் அவசர அழைப்புக்கு வழியில்லாமல் போகும் என்று அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான வெரிசான் அந்த அப்டேட்டை அனுப்ப முதலில் மறுத்தது நியாயமான கவலை. ஆனாலும் தீப்பிடிக்கும் போனைப் படுக்கையருகே விட்டுவைக்க முடியாது.

கோளாறு பேட்டரியின் உள்ளே. முதல் வகையில் மேல் மூலையில் எதிர்மின்வாய்த் (மைனஸ் முனை) தகடு வளைந்திருந்தது. மாற்றாகத் தந்ததில் வெல்டிங் பிசிறு, இரு முனைத் தகடுகளும் ஒன்றையொன்று தொடாமல் தடுக்கும் மெல்லிய படலமான பிரிப்பானைத் துளைத்தது. இரண்டிலும் முடிவு ஷார்ட் சர்க்யூட். அதை எந்த அப்டேட்டும் சரிசெய்யாது. சார்ஜ் குறைந்தால் சேமித்த ஆற்றல் குறையும், தீயின் வேகம் தணியும்; அவ்வளவுதான்.

ஆகவே வைத்திருக்க வேண்டாம். அணைத்துவிடுங்கள், சார்ஜரில் போடாதீர்கள். பின்பக்கம் உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது. குப்பையிலோ சாதாரண கூரியரிலோ போடாமல், மின்கழிவு மையத்தில் பழுதான பேட்டரி என்று சொல்லியே கொடுங்கள்.