அப்டேட் ஆனதும் அப்பாவுக்கு போன் எடுக்க வரவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: "அப்பாவுக்கு 71 வயது. ஊரில் அம்மாவும் அவரும் மட்டும்தான். அவரிடம் இருப்பது மூன்று வருடம் ஆன ஆண்ட்ராய்டு போன். போன வாரம் ராத்திரி சார்ஜில் இருந்தபோது அதுவாக அப்டேட் ஆகிவிட்டது. இப்போது அழைப்பு வந்தால் மேலே தள்ளித் தள்ளிப் பார்க்கிறார், எடுக்க முடியவில்லை. திரையின் அடியில் இருந்த மூன்று பட்டன்களையும் காணோம். மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது. மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி சில நாள் அடிக்கிறது, சில நாள் அடிப்பதில்லை. ஃபார்மேட் பண்ணிடலாம் என்கிறார் கடைக்காரர். பழைய வெர்ஷனுக்கே திரும்ப முடியுமா? இனிமேல் அப்டேட்டே வராமல் நிறுத்திவிடலாமா?" (கோயம்புத்தூர் வாசகி)

பதில்:

முதலில், ஃபார்மேட் வேண்டாம். போனைக் கடையில் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிவிடுங்கள். ஃபார்மேட் செய்தால் பழைய வெர்ஷன் வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி வராது. உள்ளே இருக்கும் படங்களும் தகவல்களும் அழிந்து, அதே புது வெர்ஷன்தான் திரும்ப ஏறி நிற்கும். வாட்ஸ்அப்புக்கு பேக்கப் இல்லையென்றால் அதுவும் போச்சு. வங்கிச் செயலி, யூபிஐ எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து பதிய வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. 2023-ல் வந்த ஆண்ட்ராய்டு 14 முதல், மிகப் பழைய ஆண்ட்ராய்டுக்காக எழுதப்பட்டு அப்படியே விடப்பட்ட செயலிகளைப் புதிதாக நிறுவ முடியாது. போனில் ஏற்கெனவே இருப்பது ஓடிக்கொண்டிருக்கும், அழித்துவிட்டால் திரும்ப ஏறாது. அப்பா பல வருடமாகப் பயன்படுத்தும் பழைய பஞ்சாங்கச் செயலியோ பக்திப் பாடல் செயலியோ இப்படிக் காணாமல் போக வாய்ப்புண்டு.

சரி, இப்போது அழைப்பு விஷயம். மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் இன்றைக்கே சரிசெய்ய வேண்டும். வீட்டில் பெரியவர்கள் தனியாக இருக்கும்போது போனை எடுக்க முடியாமல் போவது ஆபத்து.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது ஆண்ட்ராய்டு அப்டேட்டால் வந்ததாகத் தெரியவில்லை. நம் ஊரில் விற்கும் பல நிறுவனங்களின் போன்களில் அழைப்புக்கு கூகுளின் 'போன்' செயலிதான் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அந்தச் செயலியின் தோற்றத்தை கூகுள் மாற்ற ஆரம்பித்தது. யாரும் எதையும் அழுத்தாமலே, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளில் அது வந்து சேர்ந்தது. போனை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பயந்தவர்கள் நிறையப் பேர். முன்பு அழைப்பு வந்தால் மேலே தள்ளினால் எடுக்கும், கீழே தள்ளினால் துண்டிக்கும். புதிய முறையில் வலப்பக்கம் தள்ளினால் எடுக்கும், இடப்பக்கம் தள்ளினால் துண்டிக்கும். சட்டைப் பையிலிருந்து போனை வெளியே எடுக்கும்போது தவறுதலாகக் கை பட்டு அழைப்பு துண்டாவதும் எடுபடுவதும் இதனால் குறையும் என்பது கூகுள் சொன்ன காரணம். காரணம் நியாயமானதாகவே இருக்கட்டும். ஆனால் பத்து வருடப் பழக்கத்தில் விரல் தானாக மேலே போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இதை மாற்றியது தவறு. அழைப்பை எடுப்பது போன்ற அடிப்படை வேலையில் கை வைக்கும் முன், 'பழைய முறையே போதுமா?' என்று திரையில் ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும்.

இதைச் சரிசெய்வது சுலபம். மெனுப் பெயர்கள் பெரும்பாலான போன்களில் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் அப்படியே உச்சரிப்பில் எழுதுகிறேன். போன் செயலியைத் திறந்து, மெனுவில் 'செட்டிங்ஸ்' போங்கள். 'இன்கமிங் கால் ஜெஸ்சர்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 'சிங்கிள் டேப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி அழைப்பு வந்தால் எடுக்க ஒரு பட்டன், துண்டிக்க ஒரு பட்டன் என்று இரண்டு தெரியும். தள்ளவே வேண்டாம், தொட்டால் போதும். அமைத்த கையோடு உங்கள் போனிலிருந்து நாலைந்து தடவை கூப்பிட்டு அவரையே எடுக்கச் சொல்லுங்கள். சொல்லிக் கொடுப்பதைவிட விரல் பழகுவதுதான் முக்கியம்.

அந்த வரியே இல்லை என்றால் அவர் போனில் இருப்பது வேறு நிறுவனத்தின் செயலி. சாம்சங் போனில் இதைவிட நல்ல வசதி ஒன்று இருக்கிறது: போன் செயலியின் செட்டிங்ஸில் 'ஆன்சரிங் அண்ட் எண்டிங் கால்ஸ்' என்பதற்குள் போனால், வால்யூம் கூட்டும் பட்டனை அழுத்தி அழைப்பை எடுக்கும்படி வைக்கலாம். கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் இதை நான் முதல் வேலையாகப் பரிந்துரைப்பேன்.

செயலியின் அப்டேட்டை மட்டும் நீக்கினால் பழைய தோற்றம் வருமே என்று சிலர் சொல்வார்கள். போன் செயலியின் படத்தை அழுத்திப் பிடித்து, 'ஆப் இன்ஃபோ'வில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' கொடுத்தால் வரும்தான். ஆனால் அடுத்த தானியங்கி அப்டேட்டில் மறுபடி மாறும். அப்பா இரண்டாவது முறையும் குழம்புவார். புதிய முறையில் ஒருமுறை பழகிவிடுவதே மேல்.

மூன்று பட்டன்கள் எங்கேயும் போகவில்லை. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், பட்டனுக்குப் பதில் விரலால் இழுக்கும் முறையும் உண்டு. அப்டேட் முடிந்ததும் போன் கேட்கும் கேள்விகளுக்கு 'நெக்ஸ்ட்' அழுத்திக்கொண்டே போனால் அதற்கு மாறிவிடுவது உண்டு. செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் 'நேவிகேஷன்' என்று தட்டி, 'த்ரீ பட்டன்' முறையைத் தேர்ந்தெடுங்கள். சாம்சங்கில் இது 'டிஸ்ப்ளே' பகுதிக்குள் 'நேவிகேஷன் பார்' என்று இருக்கும். அங்கே இருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் போனை அணைக்கும் மெனு வருகிறதா, குரல் உதவியாளர் வருகிறதா? உதவியாளர் வந்தால், அதையும் செட்டிங்ஸில் 'பவர் பட்டன்' அல்லது 'சைடு பட்டன்' என்று தேடி மாற்றலாம்.

பேட்டரி விஷயத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். பெரிய அப்டேட் ஏறியதும், போனில் உள்ள எல்லாச் செயலிகளையும் புது வெர்ஷனுக்கு ஏற்ப ஆண்ட்ராய்டு மறுபடி தயார் செய்கிறது. படங்களையும் கோப்புகளையும் திரும்ப வரிசைப்படுத்துகிறது. இதெல்லாம் பின்னணியில் நடப்பதால் முதல் சில நாட்கள் போன் சூடாவதும் சார்ஜ் இறங்குவதும் வழக்கம்தான். இரண்டு மூன்று ராத்திரி வைஃபையோடு சார்ஜில் வையுங்கள். பிளே ஸ்டோரில் எல்லாச் செயலிகளையும் அப்டேட் செய்யுங்கள். ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ஒரு வாரம் ஆகியும் மதியத்துக்குள் தீர்ந்தால், செட்டிங்ஸில் 'பேட்டரி யூசேஜ்' பாருங்கள். ஒரு குறிப்பிட்ட செயலி மட்டும் மேலே நின்றால் குற்றவாளி அதுதான். அப்படி எதுவும் இல்லையென்றால் பேட்டரியே தேய்ந்திருக்கும். தினமும் சார்ஜ் ஏற்றும் லித்தியம் பேட்டரி மூன்று வருடத்தில் கணிசமாக பலம் இழப்பது இயல்பு. பழைய வெர்ஷனில் தட்டுத் தடுமாறி ஓடிக்கொண்டிருந்தது, கூடுதல் வேலை வந்ததும் வெளியே தெரிந்துவிட்டது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பேட்டரி மாற்றினால் புது போன் வாங்கும் செலவு மிச்சம்.

அப்டேட்டே பேட்டரியைக் கெடுக்கிறது என்ற சந்தேகத்தை மூடநம்பிக்கை என்று நான் தள்ள மாட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. பேட்டரி தேய்ந்த ஐபோன்களின் வேகத்தை ஐஓஎஸ் 10.2.1 முதல் அப்டேட் வழியாகக் குறைத்ததை, 2017 டிசம்பரில்தான் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. போன் திடீரென அணைந்துபோகாமல் இருக்கவே அப்படிச் செய்தோம் என்றது. பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2025 ஜனவரியில் பிக்சல் 4ஏ போன்களுக்கு கூகுள் அனுப்பிய அப்டேட், சில போன்களில் பேட்டரி தாங்கும் நேரத்தை வெகுவாகக் குறைத்தது. அதற்கு இலவசமாக பேட்டரி மாற்றித் தரவோ பணமாக ஈடு தரவோ கூகுள் முன்வந்தது. ஆகவே உங்கள் போன் மாடலின் பெயரோடு 'பேட்டரி புரோகிராம்' என்று நிறுவனத்தின் தளத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். இலவச மாற்றம் இருந்து, தெரியாமல் காசு கொடுத்துவிடக் கூடாது.

அப்புறம் மாத்திரை நினைவூட்டல். இதை அலட்சியம் செய்யாதீர்கள். மூன்று பூட்டுகள் இருக்கின்றன, மூன்றையும் திறந்துவிட வேண்டும். 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், அறிவிப்பு காட்டவே செயலிகள் அனுமதி கேட்க வேண்டும். கேட்டபோது அப்பா 'டோன்ட் அலவ்' தொட்டிருந்தால் அது வாயே திறக்காது. ஆண்ட்ராய்டு 14-ல் சொன்ன நிமிடத்தில் அடிப்பதற்குத் தனி அனுமதி. பெரும்பாலான செயலிகளைப் புதிதாக நிறுவினால் அது மூடியே இருக்கும். மூன்றாவது, போன் நிறுவனங்கள் வைத்திருக்கும் பேட்டரிச் சிக்கனம். திறக்காத செயலியைத் தூங்க வைத்துவிடும். சில நாள் அடித்து சில நாள் அடிக்காமல் போவது பெரும்பாலும் இந்த மூன்றாவதால்தான்.

அந்தச் செயலியின் படத்தை அழுத்திப் பிடித்து 'ஆப் இன்ஃபோ' போங்கள். 'நோட்டிஃபிகேஷன்ஸ்' திறந்திருக்கட்டும். 'அலார்ம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்' என்ற வரி இருந்தால் அனுமதி கொடுங்கள். 'பேட்டரி'யில் 'அன்ரெஸ்ட்ரிக்டெட்' ஆக்குங்கள். பயன்படுத்தாத செயலியின் அனுமதிகளைப் பறிக்கும் சுவிட்ச் ஒன்று அதே பக்கத்தில் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். சியோமி, விவோ, ஒப்போ போன்களில் 'ஆட்டோ ஸ்டார்ட்' அனுமதியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சாம்சங்கில் 'டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்' பட்டியலில் அதன் பெயர் இருந்தால் நீக்குங்கள். இவ்வளவும் செய்து ஒரு வாரம் ஒழுங்காக அடிக்கும்வரை, போனோடு வந்த கடிகாரச் செயலியிலும் அதே நேரத்துக்கு ஒரு அலாரம் வைத்துவிடுங்கள். ரத்த அழுத்த மாத்திரையைச் செயலியை மட்டும் நம்பி விட வேண்டாம்.

பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது பற்றி: வேண்டாம் என்பதே என் பதில். ஆண்ட்ராய்டில் பூட்லோடரை (போன் தொடங்கும்போது முதலில் ஓடும், நிறுவனம் பூட்டி வைத்திருக்கும் மென்பொருளை) திறந்தால்தான் பெரும்பாலும் முடியும். திறந்த உடனே போனில் உள்ள எல்லாம் அழியும். பிறகு பல வங்கிச் செயலிகள் அந்தப் போனை நம்ப மறுக்கும். சில போன்களில் வழியே அடைக்கப்பட்டிருக்கும். பிக்சல் 6 போன்களை ஆண்ட்ராய்டு 13-க்கு மாற்றிய பிறகு 12-க்குத் திரும்ப முடியாது என்று கூகுள் அப்போதே அறிவித்தது. ஐபோனிலும், பழைய வெர்ஷனுக்கு ஆப்பிள் ஒப்புதல் கொடுப்பதை நிறுத்திவிட்டால் திரும்ப வழியில்லை. 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26-ன் கண்ணாடி போன்ற தோற்றத்தில் எழுத்தே தெரியவில்லை என்று எழுதும் வாசகர்களுக்கும் இதே பதில்தான். அவர்கள் 'அக்சஸிபிலிட்டி'யில் 'ரெட்யூஸ் டிரான்ஸ்பரன்சி' போட்டால் போதும், எழுத்து தெளிவாகிவிடும்.

அப்டேட்டை அடியோடு நிறுத்துவதற்கும் நான் சம்மதிக்க மாட்டேன். தோற்றத்தை மாற்றும் பெரிய வெர்ஷன் வேறு, பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் செக்யூரிட்டி பேட்ச் வேறு. இரண்டாவது கட்டாயம் வேண்டும். கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பி, அதைத் தொட்டவரின் வங்கிக் கணக்கைத் துடைக்கும் கூட்டம் குறி வைப்பது உங்கள் அப்பா வயதுக்காரர்களையும்தான். வெளியிலிருந்து வந்த அப்படிப்பட்ட செயலி, திரையைப் படிக்கும் அனுமதியைச் சுலபமாகப் பெற முடியாதபடி ஆண்ட்ராய்டு 13 ஒரு தடை போட்டது. எரிச்சலூட்டும் மாற்றங்களோடு சேர்ந்து வருவது இந்தக் காவலும்தான். அதனால் 'ரெஸ்ட்ரிக்டெட் செட்டிங்' என்று போன் தடுத்தால், யார் சொன்னாலும் அந்தத் தடையை நீக்காதீர்கள்.

பெரிய வெர்ஷனைத் தள்ளிப் போடலாம், அது தப்பில்லை. 'சாஃப்ட்வேர் அப்டேட்' பக்கத்தில் தானாக இறக்கிக்கொள்ளும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பெரிய வெர்ஷன் வந்து மூன்று நாலு வாரம் போகட்டும், ஆரம்பக் கோளாறுகளுக்குத் திருத்தம் வந்துவிடும். நீங்கள் ஊருக்குப் போயிருக்கும் நாளாகப் பார்த்து, வாட்ஸ்அப் பேக்கப் எடுத்துவிட்டு நீங்களே போடுங்கள். மாதாமாதம் வரும் சிறிய செக்யூரிட்டி பேட்ச் என்றால் தள்ளாமல் போட்டுவிடலாம்.

கடைசியாக, 'அபவுட் போன்' பகுதியில் 'செக்யூரிட்டி அப்டேட்' தேதியைப் பாருங்கள். அது ஒரு வருடத்துக்கும் மேல் பழையதாக இருந்து, புதிய அப்டேட்டும் இல்லை என்று போன் சொன்னால், நிறுவனம் அந்த மாடலைக் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். அப்போது வங்கிச் செயலியை அதிலிருந்து எடுத்துவிட்டு அடுத்த போன் பற்றி யோசியுங்கள். வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதற்கு முன்னால், செக்யூரிட்டி அப்டேட் எத்தனை வருடம் தருவார்கள் என்று கேளுங்கள். பிக்சல் 8, சாம்சங் எஸ்24 வரிசைகளுக்கு 7 வருடம் என்று அறிவித்திருக்கிறார்கள். விலை குறைந்த போன்களில் இது மாடலுக்கு மாடல் மாறும், நிறுவனத்தின் தளத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.